பெயர் எழுத வேண்டாம்

சுகாதாரத் துறை வேனிலிருந்து விமலாதேவி இறங்கினால் போதும், பள்ளிக்கூட நடைபாதையில் பேச்சு அடங்கிவிடும். "மிஸ்ஸி வந்திருக்கு" என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும். மற்றதெல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிடும். தாதி என்றால் ஊசி, ஊசி என்றால் பயம், பிள்ளைகள் அப்படித்தான் என்று முதல் வருஷம் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் கண்ணையும் பல்லையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற நாட்களிலும் அதே மௌனம்தான். மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பள்ளிகளை அவள் சுற்றத் தொடங்கி நாலு வருஷம் ஆகியும் ஒரு பிள்ளைகூடத் தானாக வந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். பதினோராங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் ரொம்பக் காலம் கணக்கெழுதும் பெரிய கிராணியாராக இருந்த விசுவலிங்கத்தின் மகள் அவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பேனா ஒரு கோடு கிழித்தால் ஒரு வீட்டில் அன்றைக்கு அரை நாள் கூலி போய்விடும். அவர் ஓய்வு பெற்றுக் கிள்ளானுக்குப் போய், அங்கேயே இறந்தும் போனார். ஆனாலும் தோட்டம் எதையும் சீக்கிரத்தில் மறக்காது. கிராணி வீட்டு ஆட்களிடம் வாயைக் கொடுக்காதே என்பது தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்து, அந்தப் பிள்ளையே தாயாகி அதன் பிள்ளைக்கும் சொல்லியாகிவிட்டது.

விமலாதேவிக்கு அந்த வேலி சின்ன வயசிலிருந்தே பழக்கம். கிராணியார் பங்களாவின் பின்பக்கம் நின்றால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கும். போகவிட மாட்டார்கள். அம்மா அவளைக் கிள்ளான் கான்வென்ட்டில் சேர்த்து, விடுமுறைக்கு மட்டும் தோட்டத்துக்கு அழைத்து வந்தாள். இப்போது அம்மாவும் இல்லை. தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் குடியேறிவிட்டான். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே ஆள் இல்லாமல் போயிற்று. மலாவத்தி குன்றின் அடிவாரத்து அரசாங்க வீட்டில் தனியாக இருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் விட்டு வந்தால் திங்கட்கிழமை காலைவரை யாரிடமும் பேச வேண்டிய தேவை வராது. திங்களன்று வேன் டிரைவரிடம் "காலை வணக்கம்" சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

எண்பத்தாறாம் வருஷம் மார்ச் மாதம், இடைநிலைப் பள்ளி ஒன்றில், இருட்டும்வரை நடக்கிற மத்தியானப் பள்ளியில் ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தது. பெயர் அமராவதி. தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்து, முதலாம் படிவத்துக்கு முந்தின புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை. உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றைக்கு விமலாதேவி அங்கே இருந்ததால் தன் வேனிலேயே போட்டுத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

சிறுநீரகத்தில் கிருமி என்றார் டாக்டர். பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை, ஒன்றுக்கும் போகாமல் அடக்கிக்கொள்கிறது, இப்படியே விட்டால் பிறகு பெரிய கஷ்டம் என்றார்.

சாயந்திரம் தாய் வந்தாள். சின்னத்தாய் என்று பெயர். பால்வெட்டுக்குப் போட்ட சட்டையை மாற்றாமல் அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள்.

"பிள்ளை ஏன் தண்ணி குடிக்கிறேல்லை?" என்று விமலாதேவி கேட்டாள்.

"சின்னதுலேருந்தே அப்படித்தாங்க."

"பள்ளிக்கூடத்திலை ஏதும் பயமோ?"

"ஒண்ணுமில்லைங்க மிஸ்ஸி." கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "நீங்க பெரிய கிராணியார் மவதானே?"

"ஓம்."

"அய்யா நல்லா இருக்காங்களா?"

"அப்பா இல்லை. செத்துக் கன வருஷம்."

"அப்படிங்களா" என்றாள் சின்னத்தாய். வருத்தமோ நிம்மதியோ அந்தக் குரலில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து மகளின் போர்வையைச் சரிசெய்தாள். அமராவதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

அலுவலகம் திரும்பிய விமலாதேவி மத்தியானப் பள்ளியின் சுகாதார அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். அமராவதி ஒருத்தி மட்டும் இல்லை. தோட்டங்களிலிருந்து வருகிற பெண் பிள்ளைகள் பலருக்கு அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, வந்து வந்து போகிற காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பியவள் அவளேதான்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேட்டாள். எல்லாப் பிள்ளையும் ஒரே பதில்தான் சொன்னது: "ஒண்ணுமில்லை மிஸ்ஸி." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மிஸ்ஸி தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள் என்றால், வெளியே நிற்கிற வகுப்பு முழுக்க அந்தப் பிள்ளையின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும். என்ன கேட்டாங்க, என்ன சொன்னே என்று பிடுங்கி எடுக்கும். உண்மையைச் சொல்வதற்கு அந்த அறையைவிட மோசமான இடம் இருக்க முடியாது.

முந்தின வருஷம் கோலாலம்பூரில் நடந்த பயிற்சிக்குப் போயிருந்தபோது பல்கலைக்கழகத்து டாக்டரம்மா ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளைகளிடம் உண்மை வேண்டுமானால் அவர்கள் யார் என்று கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது என்றார் அவர். தாதிகள் சிலர் சிரித்தார்கள். விமலாதேவி அவருக்குக் கடிதம் போட்டு, பெயர் எழுதாமல் பதில் சொல்லும் கேள்வித்தாள் ஒன்றின் மாதிரியை வரவழைத்தாள். அது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் கேள்வியிலேயே தடுக்கியது. "மலசலகூடம்" என்று எழுதியிருந்தாள். அது அவள் வீட்டுச் சொல். புகுமுக வகுப்புப் பிள்ளைக்கு அது என்ன கூடம் என்று தெரியாது. அடித்துவிட்டுக் "கக்கூஸ்" என்று எழுதினாள். எழுதிப் பார்த்ததும் கேள்விக்கே உயிர் வந்தது போலிருந்தது.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் மத்தியானப் பள்ளி முழுக்கச் சிவானந்தத்தின் பொறுப்பு. கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து ஆசிரியரானவர். தன் நேரத்தில் ஒரு சண்டை, ஒரு போலீஸ் கேஸ் கிடையாது என்பதில் அவருக்குப் பெருமை.

"பேர் இல்லாம எதுக்கு மிஸ்ஸி?" என்றார். "பேர் போடலைன்னா வாய்க்கு வந்ததை எழுதி வைக்கும்."

"பேர் போட்டா ஒண்டுமே எழுதாதுகள் மாஸ்டர்."

"அப்படியெல்லாம் இல்லை லா. என் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும்னா நேரா எங்கிட்ட வந்து சொல்லும்."

"இது வரைக்கும் வந்து சொன்னதுகளோ?"

சிவானந்தம் பேனாவை மூடினார். "சொல்ல ஒண்ணும் இல்லைன்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"அப்பிடியும் இருக்கலாம். கேட்டுப் பாப்பம்."

கேட்கட்டும், ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும் என்று அவரும் சம்மதித்தார்.

கேள்வித்தாள்களை அலுவலகத்து ரோனியோ மெஷினில் அவளே சுற்றி எடுத்தாள். கையெல்லாம் மை. வெள்ளிக்கிழமை மத்தியானம் புகுமுக வகுப்பு, முதலாம் படிவத்துத் தமிழ்ப் பிள்ளைகளை மண்டபத்தில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார்கள். ஆசிரியர்கள் வெளியே போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். சிவானந்தம் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார். வாசல் ஓரம், மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின் ஒன்றை வைத்தாள்.

"பேர் எழுத வேண்டாம். வகுப்பும் எழுத வேண்டாம்" என்றாள். "எழுதி முடிச்சா மடிச்சு அந்த டின்னுக்குள்ளை போட்டிட்டுப் போங்கோ. விருப்பமில்லாத கேள்வியை விட்டிடலாம்."

மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை கையைத் தூக்கியது. "எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருவீங்களா மிஸ்ஸி?"

பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். "உங்கட டீச்சர்மார் எண்டால் கண்டுபிடிப்பினம். அதுதான் அவையை வெளியிலை அனுப்பினனான். எனக்கு உங்கட எழுத்துத் தெரியாது. உங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குப் பேரே எனக்குத் தெரியாது."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அது வரிசை வரிசையாகப் பரவியது. தன் எதிரில் அந்தப் பிள்ளைகள் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. யாருக்கும் யாருமாக இல்லாமல் இருப்பதற்குக்கூட ஒரு பிரயோஜனம் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திடலைப் பார்த்தபடி நின்றாள். ரொம்ப நேரம் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. மழை விடாமல் பெய்தது. சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல், பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குப் போவதே இல்லை என்று குறித்திருந்தார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லை. சில அறைகளுக்குக் கதவே இல்லை. பின்சுவருக்கு அந்தப்பக்கம் புதரில் பெரிய பையன்கள் சிகரெட் பிடிக்க வருகிறார்கள், ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, எட்டிப் பார்க்கிறார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காலையில் வீட்டில் கோப்பி குடிப்பதையே நிறுத்திவிட்டதாக ஒரு பிள்ளை எழுதியிருந்தது. இன்னொன்று வார்த்தையே எழுதாமல் ஒரு கதவை வரைந்து, அதில் பெரிதாக ஒரு தாழ்ப்பாளைப் போட்டுவைத்திருந்தது. இருட்டுகிற நேரத்தில் வெளிக் கேட்டருகே தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து வம்பு பண்ணுகிறார்கள் என்று ஆண் பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். பின்சீட்டில் உட்கார்ந்தால் அடி விழும் என்றது ஒரு கோணல் எழுத்து. "மத்தவங்களுக்கு எப்படின்னு தெரியலை. எனக்குப் பயமா இருக்கு" என்ற மாதிரி வாசகம் தாளுக்குத் தாள் வந்தது.

கடைசிக் கேள்வி, கஷ்டம் என்றால் யாரிடம் சொல்வாய் என்பது. அம்மா, அப்பா, டீச்சர், கூட்டாளி, மிஸ்ஸி, யாரிடமும் இல்லை என்று போட்டிருந்தாள். பெரும்பாலும் கடைசியில்தான் கோடு விழுந்திருந்தது. கூட்டாளிக்குச் சில. மிஸ்ஸிக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு தாளில் மட்டும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது:

"மிஸ்ஸி தண்ணி குடி தண்ணி குடின்னு சொல்றாங்க. குடிச்சிட்டு எங்க போறது? அவங்க எங்க மூஞ்சியப் பார்க்காம கார்டைப் பார்த்துத்தான் கேக்குறாங்க."

அந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றாள். அப்பாவின் ஞாபகம் வந்தது. பெரட்டுக் களத்தில் மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் பெயர் பெயராகக் கூப்பிடுவார். எதிரே நிற்கிறவன் ஆம்பிளையா பொம்பிளையா, அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்க்க மாட்டார். அவர் பேனாவும் கோபமும் தனக்கு வரவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்தக் குனிந்த தலை மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. யாரிடமாவது இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. சாயந்திரம்வரை மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை, எண்ணிக் கூட்டிய கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சிவானந்தத்திடம் போனாள். அவர் படித்தார். முகம் சிவந்தது.

"மத்த தாளெல்லாம் எங்க? கொண்டாங்க. என் பிள்ளைங்க எழுத்து எனக்குத் தெரியும். யார் எழுதினதுன்னு பார்த்துக் கூப்பிட்டு விசாரிக்கிறேன்."

"அது தரமாட்டன் மாஸ்டர்."

"எனக்கே தரமாட்டீங்களா? நான் என்ன பிள்ளைங்களைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"நீங்கள் நல்லதுக்குத்தான் கேக்கிறியள். ஆனால் பேர் வேண்டாம் எண்டு சொல்லித்தான் வாங்கினனான். அதை உடைச்சால், இனி இந்தப் பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லாதுகள். எனக்கும் சொல்லாதுகள், உங்களுக்கும் சொல்லாதுகள்."

"பொய்யா இருந்தா?"

"ஒரு பிள்ளை பொய் எழுதலாம். இத்தனை பிள்ளையள் ஒரே பொய்யை எழுதுமோ?" அவள் எழுந்தாள். "இண்டைக்கு இடைவேளைக்கு என்னோட ஒருக்கா வாங்கோ."

மணி அடித்ததும் இருவரும் பெண் பிள்ளைகள் கக்கூஸுக்கு எதிரே, சைக்கிள் கொட்டகையின் நிழலில் போய் நின்றார்கள். கேண்டீனில் சத்தம் காதைப் பிளந்தது. பிள்ளைகள் ஓடின, சாப்பிட்டன, கயிறு தாண்டின. இந்தப் பக்கம் ஒரு பிள்ளை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த சிவானந்தம், "இப்ப வரும்" என்றார். இடைவேளை முடிந்து மணி அடித்தது. அத்தனை பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அந்த வாசற்படி கால் படாமல் காய்ந்து கிடந்தது.

எல்லோரும் வகுப்புக்குப் போனபின் அவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். கதவு கழன்ற சட்டம், உடைந்த கண்ணாடி, அதற்கு வெளியே ஏறி நிற்பதற்குத் தோதாக அடுக்கிவைத்த செங்கல், சுற்றிலும் சிகரெட் துண்டுகள். சிவானந்தம் அந்தச் செங்கற்களைக் காலால் தட்டிவிட்டார். வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க மிஸ்ஸி" என்றார். "ரெண்டும் இங்கதான் படிச்சிச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பையை வாசல்லயே வீசிட்டுப் பின்னால ஓடும். நானும் அவங்கம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

விமலாதேவி அவர் திறந்துவிட்ட குழாயை மூடினாள். ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. பெற்றோர் சங்கத்தைக் கூட்டினார். கதவுகள் வந்தன, உள்ளே தாழ்ப்பாள்கள் வந்தன. பின்பக்கம் புதரை வெட்டி வேலி போட்டார்கள். தோட்டத்து பஸ் கேட்டுக்கு உள்ளேயே வந்து நிற்கவேண்டும், கடைசிப் பிள்ளை ஏறும்வரை ஓர் ஆசிரியர் கூட நிற்கவேண்டும் என்று ஏற்பாடானது. மாசம் ஆகுமுன்னே யாரோ இரண்டு தாழ்ப்பாளைப் பிடுங்கிப்போட்டார்கள். சிவானந்தம் திட்டிக்கொண்டே ஸ்குரூ டிரைவரோடு போய்த் திரும்ப மாட்டினார்.

ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். கேள்வித்தாள் பற்றிய பேச்சே வெளியில் வரக் கூடாது. வந்தால் யார் எழுதினது, எவன் மகள் சொன்னது என்று தோட்டம் தோட்டமாகத் தேடல் தொடங்கிவிடும். கதவு, வேலி எல்லாம் மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டார் சிவானந்தம். தாள்களை விமலாதேவி ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரித்தாள். பெற்றோர் கூட்டத்தில் சிவானந்தத்துக்கு மாலை போட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மிஸ்ஸி, தடுப்பூசித் தேதிகளை வாசித்துவிட்டு வேனில் ஏறினாள்.

ஆகஸ்ட் ஆகியும் அமராவதி பள்ளிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனதோடு நின்றுவிட்டதாகச் சிவானந்தம் சொன்னார். இரண்டு தடவை ஆள் அனுப்பியும் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விமலாதேவி சீருடை இல்லாமல், சாதாரணச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பதினோராங்கட்டையில் இறங்கி நடந்தாள். பழைய கிராணியார் பங்களாவில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, சின்ன வயசில் ஒரு நாளும் காலெடுத்து வைக்காத லயத்து வரிசைக்குள் நுழைந்தாள். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். "கிராணியார் மவ" என்று ஒரு குரல் அடுத்த வாசலுக்குப் போவது காதில் விழுந்தது.

சின்னத்தாய் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அமராவதி கதவோரம் நின்றது. நாற்று மேட்டில் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைக் கன்றுகளுக்குக் களை பிடுங்கப் போகிறதாம். நகக்கண்ணெல்லாம் மண்.

"இனிமே எதுக்குங்க பள்ளிக்கூடம்" என்றாள் சின்னத்தாய். "போயி உடம்பைக் கெடுத்துக்கிட்டு வந்ததுதான் மிச்சம்."

விமலாதேவியின் கையில் அட்டையும் இல்லை, பேனாவும் இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு. வெளிறிய கண்கள். ஆஸ்பத்திரிக்குத் தன் மடியில் போட்டுக்கொண்டு போன பிள்ளை இதுதான்; ஆனாலும் இப்போதுதான் பார்க்கிறாள்.

"அங்கை இப்ப கதவு போட்டாச்சு அம்மா" என்றாள். "உள்ளுக்குத் தாழ்ப்பாளும் இருக்கு. பின்னாலை ஒருத்தரும் வர ஏலாது."

அமராவதி பயந்துபோய்த் தாயைப் பார்த்தது. "நான் ஒண்ணும் சொல்லலை."

"நீ சொல்லேல்லை. எனக்குத் தெரியும்."

"பின்ன யாரு சொன்னா?"

"கன பேர். ஆர் ஆர் எண்டு எனக்கும் தெரியாது. பேர் எழுத வேண்டாம் எண்டு சொல்லி எல்லாரிட்டையும் கேட்டனான்."

"கன பேருன்னா?"

"உன்ர வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையள்ல பாதிக்கு மேலை. ஒருத்தியும் அங்கை போறேல்லை. எல்லாரும் அடக்கிக்கொண்டுதான் இருந்தவை."

பிள்ளை கதவுக் கட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன் மிஸ்ஸி. மத்தவங்கல்லாம் போறாங்க, எனக்குத்தான் தைரியம் இல்லைன்னு."

சின்னத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"சொன்னா பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுக்கோன்னு சொல்லுவே."

சின்னத்தாய் எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. ஒரு கிளாஸில் வரக்கோப்பி கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கி நின்றாள். கிராணி வீட்டில் யாரும் லயத்தில் கை நனைத்ததில்லை. அது இருவருக்கும் தெரியும். விமலாதேவி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். சூடு நாக்கைச் சுட்டது. கிளாஸ் காலியாகிறவரை சின்னத்தாய் கண் எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவாங்க?"

"ஊத்துங்கோ."

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்று அவள் சொல்லவில்லை. விமலாதேவியும் வற்புறுத்தவில்லை. திரும்பிப் போகும்போது யாரும் கூட வரவில்லை. மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் வெயிலில் தனியாக நின்றாள். ரொம்ப நேரத்துக்குப் பஸ் வரவில்லை. லயத்துப் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அமராவதி வரவில்லை. ஜனவரியில் புதுத் தவணை தொடங்கிய முதல் வாரம் அலுவலகத்துக்கு டெலிபோன் வந்தது.

"மிஸ்ஸி, அந்தப் பதினோராங்கட்டைப் பிள்ளை வந்திருச்சு" என்றார் சிவானந்தம். "திரும்பப் புகுமுக வகுப்புலயே போட்டிருக்கேன். அம்மாவே கொண்டாந்து விட்டுட்டுப் போச்சு."

"நல்லது மாஸ்டர்."

ரெண்டு பேரும் உடனே போனை வைக்கவில்லை.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் இல்லை."

"நேரமாச்சே. போய்ப் பசியாறுங்க."

போனை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கமாக அறையிலேயே ரொட்டியும் தேநீருமாக முடித்துக்கொள்கிறவள், அன்றைக்கு ஆற்றங்கரைப் பக்கம் நடந்து உமாபதியின் தோசைக் கடைக்குள் போனாள். பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் கூடைகளோடு வந்தவர்களால் கடை நிறைந்திருந்தது. ஓரத்தில் நாலு பேர் உட்காரக்கூடிய மேசை ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

உமாபதி வந்து எதிரே கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். "ஆள் வராங்களா மிஸ்ஸி?"

"இல்லை."

அவர் இரண்டு நாற்காலிகளை அடுத்த மேசைக்கு இழுத்துப் போட்டார். ஒன்றை அங்கேயே விட்டுவைத்துவிட்டுத் தோசைக்குச் சொல்லப் போனார்.